எல்லாரும் வந்தாச்சா என்று கேட்ட வெயிட் அக்காவுக்கு

தேர்வு முடிவுத் துறையின் கணினிப் பிரிவைக் கட்டிக் காத்த கண்மணியே! பிழை எங்கே பதுங்கினாலும் பிடரியைப் பிடித்து இழுத்து வரும் பெருந்தகையே! முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல், சர்வர் அறையின் குளிரில் சால்வை போர்த்திப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் அன்பு அக்காவே, வணக்கம்!

நீங்கள் வந்த காலத்தில் நாற்பது தேர்வு மையங்களின் மதிப்பெண் கோப்புகளும் ரேஷன் கடை வரிசை போல ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. ஒன்பது மணி நேரம்! அவற்றை ஓட்டும் கட்டளைகள் வரிவரியாக எழுதிய ஷெல் ஸ்கிரிப்டைத் திறந்து, கட்டளை வரியின் கடைசியில் & என்ற ஒரு சின்னக் குறியைப் போட்டீர்கள். ஒரு கோப்பு முடியும்வரை அடுத்தது காத்து நிற்காமல், எல்லாம் பின்னணியில் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. முதல் நாள் ஆசையில் நாற்பதையும் சேர்த்து அவிழ்த்துவிட்டதும், மின்விசிறி ஊளையிட்டு சர்வர் மூர்ச்சையானதும், நீங்கள் அதன்முன் நின்று "மன்னிச்சுக்கோ தாயி" என்று கும்பிட்டதும் இத்துறை மறவாத காட்சிகள். மறுநாளிலிருந்து நான்கு நான்காக அனுப்பினீர்கள். ஒன்பது மணி நேரம் இரண்டரை ஆனது. எங்களுக்கு மதியச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிடும் பாக்கியம் கிடைத்தது.

அனுப்பியதோடு நின்றவரா நீங்கள்! ஒவ்வொரு நான்குக்குப் பிறகும் 'வெயிட்' என்று ஒரு வரி எழுதினீர்கள். போன வேலைகள் அனைத்தும் திரும்பும்வரை ஸ்கிரிப்டை நிறுத்திவைக்கும் வரி அது. "நாலு பேர வெளிய அனுப்பிட்டு, அவங்க வர்றதுக்குள்ள கதவப் பூட்டலாமா?" என்று கேட்பீர்கள். அதனால்தான் வெயிட் அக்கா என்று பெயர் விழுந்தது. புதிதாகச் சேர்பவர்கள் உங்கள் உடல்வாகைத்தான் சொல்கிறோம் என்று நினைத்து நெளிவார்கள். நீங்களும் விளக்காமல் ஒரு வாரம் வேடிக்கை பார்ப்பீர்கள்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முடிவு நாள். காலை பத்து மணிக்கு வெளியீடு. ஒன்பதே முக்காலுக்கே திரையில் 'எல்லாம் முடிந்தது' என்று வந்தது. நாங்கள் கைதட்டினோம். நீங்கள் மட்டும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

"வழக்கத்த விட சீக்கிரமா முடிஞ்சிருக்கே. யாரோ இன்னும் வரல."

கடைசி நான்குக்குப் பின்னால் இருக்க வேண்டிய வெயிட் வரியைக் காணோம். முப்பத்தொன்பதாம் மையத்தின் கோப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே வெளியிட்டிருந்தால் அங்கே எழுதிய முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் பெயருக்கு நேரே 'தேர்வுக்கு வரவில்லை' என்று இருந்திருக்கும். இயக்குநர் அறைக்கு ஓடினீர்கள்.

"நிருபர்கள் எல்லாம் வந்து உக்காந்தாச்சும்மா!" என்றார் அவர்.

"அந்த முந்நூத்திப் பன்னெண்டு பிள்ளைங்களும் உக்காந்துதான் சார் இருக்காங்க."

பத்தேகாலுக்கு முடிவுகள் வந்தன, முழுதாக. தாமதத்துக்கு விளக்கம் கேட்டபோது, 'வரி விடுபட்டது என் தவறு' என்று எழுதிக் கொடுத்தீர்கள். உங்கள் பதவி உயர்வு இரண்டு ஆண்டு தள்ளிப்போனது.

இதுவரை எழுதியது நாங்கள். இனி எழுதுவது, மடல் எழுதும் பொறுப்பு தலையில் விழுந்த நான். அக்கா, அந்த வரியை எடுத்தது நான்தான். முந்தைய நாள் சோதித்தபோது, வேலை எதுவும் செய்யாமல் சும்மா நிற்கிற வரியாயிற்றே, எதற்கு என்று அழித்தேன். கோப்பைக் கடைசியாகத் திருத்தியவர் யார் என்பது உங்களுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். உங்கள் மேசைக்கு வந்தேன். "வேலையப் பாரு தம்பி. இனிமே கடைசி வரியப் படிச்சிட்டு மூடு" என்றீர்கள். அவ்வளவுதான். நானும் வாய் திறக்கவில்லை. உங்களுக்கு வர வேண்டிய நாற்காலியில் வேறொருவர் அமர்ந்தபோதும் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. கையெழுத்திட்ட மற்றவர்களுக்கு நேற்றுத்தான் சொன்னேன். இயக்குநருக்கு இன்று காலை எழுதிக் கொடுத்தேன். உங்கள் பணிப்பதிவேட்டில் அந்த விளக்கத்துக்குக் கீழே என் கடிதமும் சேர்ந்துவிட்டது.

பிழை பொறுத்த பெருமகளே! பல்லாண்டு நலமோடு, நல்லுறக்கத்தோடு, மூட்டுவலி எட்டிப் பாராத முழங்கால்களோடு, பேரப்பிள்ளைகள் நான்கு நான்காக ஓடிவந்து மடியேற, மகிழ்ந்து வாழ்க! இனி நீங்கள் நிம்மதியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு போகலாம். போனவற்றில் ஒன்று வந்துசேரப் பதின்மூன்று ஆண்டு ஆகிவிட்டது. ஆனாலும் வந்துவிட்டது.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பணியாளர்கள் பதினொருவர்.
எல்லாரும் வந்தாச்சு, அக்கா.