பெரிய கதிரா, பெரிய விளைச்சலா?

சிந்தை நிறைந்த தலைவர் அவர்களே! முன்வரிசைக்குப் பொலிவூட்டும் முதியோர்களே! வீட்டையும் வயலையும் ஒருசேரக் கட்டி ஆளும் தாய்மார்களே! மக்காச்சோளத்தோடு மல்லுக்கட்டும் என் சொந்தங்களே! உங்கள் அனைவரையும் வணங்கி நிற்கிறேன்.

நூறு ஆண்டுகளில் மக்காச்சோள விளைச்சல் மளமளவென்று ஏறியது ஏன்? மண் மாறியதா? மழை மனம் இரங்கியதா? கேள்வி பெரியது. ஆகவே என் அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன். அதோ, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாரே, அவரேதான்!

அண்ணனுக்குக் கதிர் என்றால் உயிர். ஆகப் பெரிய கதிரைப் பொறுக்கி, அதையே விதையாக்கி, செடிக்குச் செடி தாராளமாக இடம்விட்டு நடுவார். விளைந்த கதிரைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் காட்டுவார். அண்ணியோ, வீரிய ஒட்டு விதை வாங்கி நெருக்கி விதைக்கலாம் என்றார். மூண்டது போர்! கடைசியில் வயலைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். யார் பாதியில் எடை கூடுகிறதோ, அடுத்த பருவத்தில் முழு வயலும் அவர் பேச்சைக் கேட்கும். நடுவர் யார்? நான்! நாத்தனார் நடுவர் என்றதும் அண்ணியின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு பாதிக்கும் ஒரே உரம், ஒரே தண்ணீர். அண்ணியின் செடிகள் காலைநேரப் பேருந்தில் நிற்பவர்களைப் போல் நின்றன. கதிர்களோ சாதாரணம். அண்ணனுக்கே பாவமாகப் போய்விட்டது.

"உங்க அண்ணிய இப்பவே தோத்துட்டேன்னு ஒத்துக்கச் சொல்லு. எடை போடுற இடத்துல அழுதா எனக்குத் தாங்காது" என்றார் என்னிடம்.

எடை போட்டோம். அண்ணனின் மூட்டைகள் தீர்ந்தன. அண்ணியின் மூட்டைகள் வந்தன, வந்தன, வந்துகொண்டே இருந்தன! பின்வரிசை மாமா, மெல்லச் சிரியுங்கள், அண்ணன் காதில் விழும்.

சொந்தங்களே! கதிர் பெருத்ததாலா விளைச்சல் பெருத்தது? இல்லை, செடிகளின் கூட்டம் பெருத்ததால்! இந்த நூறு ஆண்டுகளில் விதை ஆய்வாளர்கள் இரு சோள வம்சங்களைக் கலந்து வீரியம் கண்டார்கள். நெருக்கத்தைத் தாங்கும் வேரைத் தேடினார்கள். சாயாத தண்டைத் தேடினார்கள். அடுத்த செடிக்கும் வெயிலை விட்டு நிமிரும் இலையைத் தேடினார்கள். விவசாயிகள் பசித்த பயிருக்கு உரமிட்டார்கள், களையை அடக்கினார்கள், இயந்திரத்தால் காலத்தோடு விதைத்தார்கள். பக்கத்துச் செடியோடு வாழத் தெரிந்த செடிதான் களஞ்சியத்தை நிறைத்தது!

அன்று அண்ணன் மூட்டைகளை ஒருமுறை எண்ணிவிட்டு அண்ணியிடம் வந்தார்.

"நான் கதிரத்தான் பாத்தேன். வயலப் பாக்கல. இனிமே முழுசும் நீ சொல்றபடியே விதைக்கலாம்" என்றார்.

அண்ணி என்ன சொன்னார் தெரியுமா?

"ஓரமா ஒரு வரிசை உங்களுக்கு விட்டுடறேன். பெரிய கதிர் இல்லாம உங்களால இருக்க முடியாது."

அந்த அண்ணிக்கு ஒரு கைதட்டல் தாருங்கள்! அண்ணனே முதலில் தட்டுகிறார், பாருங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்!