இடம்புரிச் சிப்பி

சேறு: குப்பையிலயா போடப் போற? சேறு அள்ளிட்டு வந்த என் குழாயையா?

சிப்பி: உன் குழாயா? துருவக் கடலோட அடியில இருந்து வந்த சேறு அது. அடுக்கெல்லாம் கலங்கிப் போச்சு, எதுக்கும் உதவாதுன்னு மதியம் டைரக்டர்கிட்ட சொல்லப் போறேன்.

சேறு: அம்மா தாயே, கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே அள்ளிட்டு வந்தது நானு!

சிப்பி: தெரியுமே. அதையே ஊரெல்லாம் சொல்லிச் சொல்லித்தானே லேப்ல உனக்குச் சேறுன்னு பேரு வந்துச்சு.

சேறு: நீ மட்டும்? மணலை விடப் பொடிச் சிப்பியை நாள் பூரா எண்ணி எண்ணி... சரி, அப்படி என்ன கலங்கிப் போச்சு?

சிப்பி: சிப்பி எந்தப் பக்கம் சுழிஞ்சிருக்குன்னுதானே பார்ப்பேன்...

சேறு: இடம்புரின்னா உறையற கடல், வலம்புரின்னா வெதுவெதுப்பான கடல். எனக்கே மனப்பாடம்.

சிப்பி: நீ ஒரு அடுக்குல கல்லு கல்லா பொறுக்கினியே...

சேறு: பனிப்பாறை சுமந்துட்டு வந்து போட்ட கல்லு. அந்தக் காலத்துல கடல் பூரா பனிதான்.

சிப்பி: என் கணக்குப்படி அங்கதான் வலம்புரி! கல்லே இல்லாத அடுக்குல பூரா இடம்புரி. எல்லாம் தலைகீழ்.

சேறு: ஒருவேளை... குழாயை நான் தலைகீழா படுக்க வச்சிருந்தா?

சிப்பி: வச்சாலும் கல்லும் சிப்பியும் ஒரே அடுக்குலதானே கிடக்கும்? அதெல்லாம் யோசிச்சாச்சு. இனி நம்மளை நம்பி யாரும் கப்பல் தர மாட்டாங்க. அழுகையா வருது எனக்கு.

சேறு: அழாத. ஏற்கெனவே கலங்கின சேறு... இரு, இரு. மூலையில கிடக்கே பழைய மைக்ராஸ்கோப், அதுல பார்த்தியா?

சிப்பி: அதுல குனிஞ்சு குனிஞ்சு கழுத்து போச்சுன்னுதானே கேமராவும் திரையும் வாங்கினோம்.

சேறு: ஒரே ஒரு சிப்பி. கல்லு அடுக்குல இருந்து. எனக்காக.

சிப்பி: உனக்காகவா... சரி, தள்ளு.

சேறு: ம்?

சிப்பி: இரு, இன்னொரு தடவை பார்க்கறேன்.

சேறு: ஏய், என்னன்னு சொல்லித் தொலையேன்!

சிப்பி: இடம்புரி.

சேறு: திரையில?

சிப்பி: அதே சிப்பி... திரையில வலம்புரி.

சேறு: இன்னொண்ணு பாரு!

சிப்பி: இதுவும் இடம்புரி. இதுவும்! ஐயோ, கேமரா இடம்புரியை வலம்புரியா காட்டியிருக்கு, கண்ணாடி மாதிரி!

சேறு: அப்ப கல்லு இல்லாத அடுக்கு...

சிப்பி: பூரா வலம்புரி! துருவத்துக்கிட்டயே பனி விலகித் திறந்து கிடந்த கடல்! நான் எண்ணிருக்கேன்டா, என் கையால எண்ணிருக்கேன்!

சேறு: 'டா'வா?

சிப்பி: சந்தோஷத்துல வந்துடுச்சு. கையை விடு.

சேறு: நீதான் பிடிச்சிருக்க.

சிப்பி: ...சரி, அது கிடக்கட்டும். கேமராவுல படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டற பொத்தானை அமுக்கினது யாரு?

சேறு: எவனோ.

சிப்பி: லேப் சாவி நம்ம ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. நீ முழிக்கிற முழியே சரியில்லையே.

சேறு: சொல்லிடறேன்... நீ இதை எண்ண ஆரம்பிக்கறதுக்கு முந்தி உன்னை கேன்டீனுக்கு டீ குடிக்கக் கூப்பிட்டேன்ல, அன்னைக்கு. தலை சீவ இங்க கண்ணாடி இல்ல. கேமரா கழுத்தை வளைச்சு என் பக்கம் திருப்பி...

சிப்பி: சிப்பி பார்க்கற கேமராவுல மூஞ்சி பார்த்தியா!

சேறு: அது நேரா காட்டுச்சு. வகிடு எடுக்கப் போனா சீப்பு எதிர்ப்பக்கம் போகுது. அதான் பொத்தானை அமுக்கினேன்.

சிப்பி: அவ்வளவு சீவிச் சிங்காரிச்சுட்டு வந்து, டீ ஆறிப் போற வரைக்கும் சேத்தைப் பத்தியே பேசின!

சேறு: பேச வந்தது வேற. உன்னைப் பார்த்ததும் வாய்ல சேறுதான் வந்துச்சு. ஆனா சத்தியமா சொல்றேன், கிளம்பறப்ப மறுபடி அமுக்கிப் பழையபடி ஆக்கிட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

சிப்பி: சரி சரி, டைரக்டரைப் பார்க்க நேரமாச்சு.

சேறு: நம்பலையா?

சிப்பி: நம்பறேன்.

சேறு: அப்ப எனக்கப்புறம் யாரு இங்க... ஏய், ஏன் முகத்தைத் திருப்பிக்கற? நீதான் நேரா கேன்டீனுக்கே வந்தியே? கேன்டீன் பக்கமா போனேன், சும்மா எட்டிப் பார்த்தேன்னு சொன்னியே?

சிப்பி: சும்மா வரல... எந்தத் தோடு போட்டா நல்லா இருக்குன்னு இங்க நின்னு மாத்தி மாத்திப் பார்த்துட்டு வந்தேன். நீ காத்திருப்பியேன்னு ஓடினதுல, அமுக்கின பொத்தானை அப்படியே விட்டுட்டேன்.