இடது பக்கம்

— அந்த ஜன்னலையே எவ்வளவு நேரம்மா பார்ப்பே? டாக்டர் பேசினதுல ஒரு வார்த்தையாவது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு. நாளைக்குக் காலையில உன் மாரை எடுக்கறாங்க. கையோட அந்த இடத்துல புதுசா ஒண்ணு வெச்சுடட்டுமான்னு கேட்டாங்க. நீ அவங்களை முறைச்சே.

— முறைக்காம என்ன செய்ய? சிலிக்கோன் பை. அது கீழ இறங்காம தாங்கறதுக்குத் தொட்டில் மாதிரி ஒரு தோல் துண்டு. யாரோ செத்தவங்க தோல்.

— உரிச்சா எடுக்கறாங்க?

— எடுத்துக்கங்கன்னு அவங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போனதும்மா. அதுல இருக்கற செல்லையெல்லாம் கழுவி எடுத்துட்டா துணி நெசவு மாதிரி வெறும் பின்னல் மட்டும் மிஞ்சும். போகப் போக நம்ம ரத்தக்குழாய் அதுக்குள்ள வளர்ந்து நம்ம சதையாவே ஆயிடுமாம்.

— எந்த மகராசியோ. நல்லா இருக்கட்டும். வெச்சுக்க.

— செத்தவளை நல்லா இருக்கச் சொல்றே.

— வாய்க்கு மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்ல.

— பத்தாவது படிக்கறப்ப ‘குனிஞ்சு நட, துப்பட்டாவை இழுத்து விடு’ன்னு என் உயிரை வாங்கினது யாரு? இருந்தப்ப மறைக்கச் சொன்னே. போகப்போகுதுன்னா வைக்கச் சொல்றே. எனக்கு வேணாம். எடுத்துட்டுத் தைச்சு அனுப்பட்டும்.

— அப்படிச் சொல்லாதடி. நான் ஊருக்காகச் சொல்லல.

— பின்ன யாருக்காக? உன் மாப்பிள்ளை உன் இஷ்டம்னுட்டாரு. எனக்குப் பாப்பாதான். மூணு வயசாகியும் என் மேல தலை வெச்சாத்தான் தூங்கறா. அவளைப் போய்ப் பொய்யான ஒண்ணு மேல படுக்க வைக்கச் சொல்றியா? தலை வெச்சதுமே தெரிஞ்சுடும் அவளுக்கு.

— தெரியாது.

— எனக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த ஒத்தை ரூம் வீட்டுல மழை பெய்ஞ்சா குண்டான் வெச்சுட்டுப் படுப்போமே. உன் மேல சோப்பு வாசம் அடிக்கும். வலது பக்கம் படுடின்னு தள்ளுவே. நான் உருண்டு இடது பக்கமே வந்துடுவேன். அந்தப் பக்கம்தான் மெத்துன்னு இருக்கும். ஹாஸ்டல்ல இருந்து முதல் தடவை வந்தப்பகூட அங்கதான் தலை வெச்சு அழுதேன். அது மாதிரி வருமா? நீயே சொல்லு.

— உங்க வீட்டுல வேற யாருக்காவது இந்தப் புத்துநோய் இருந்துச்சான்னு டாக்டர் கேட்டாங்கல்ல.

— கேட்டாங்க. நீதான் ஜன்னல் பக்கம் போயிட்டே.

— நீ நடக்க ஆரம்பிச்ச வருஷம். அப்பல்லாம் எடுப்பாங்க, தைப்பாங்க, போன்னுடுவாங்க. என்ன வேணும்னு என்னை யாரும் கேக்கல.

— என்னம்மா சொல்றே?

— தலையணையைப் பிரிச்சு நானே தைச்சுக்கிட்டேன். நீ உருண்டு உருண்டு வந்து தூங்கினியே, அது பஞ்சுடி.