மஞ்சள் டேப் ஒட்டிய முகமூடி

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் தே ஓவில் சீனி கொஞ்சம் தூக்கல், யூசுப் சார். பால் விடாத டீதானே, பரவாயில்லை, குடித்துக்கொள்கிறேன். உங்களுக்குத் தமிழ் தெரிந்தது நல்லதாகப் போயிற்று. மொழிபெயர்ப்பாளர் நடுவில் இருந்தால் நான் சொல்வது ஒன்று, காகிதத்தில் ஏறுவது ஒன்றாகிவிடும்.

பெயர் அந்தோனிப்பிள்ளை. வயது அறுபத்திரண்டு. குவீன்ஸ்டவுனில் தனியாக இருக்கிறேன். பதினெட்டு வருடமாக எங்கள் கிளப்பின் பெண்கள் ஹாக்கி அணிக்கு மேனேஜர். ஆட்டத்துக்கு முன் பையைத் திறந்து, ஸ்டிக், கால் பேட், முகமூடி எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொடுப்பது நான்தான். இத்தனை வருடத்தில் ஒரு வார் அறுந்ததாக யாரும் குறை சொன்னதில்லை.

போன வருடம் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஐந்து பேர் விலகிப் போனார்கள். அணியைப் புதிதாகக் கட்டவேண்டும் என்று கமிட்டியில் எல்லோரும் பேசினார்கள். பேச்சுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது. உட்கார்ந்து எழுதியவன் நான். ஒவ்வொரு இடத்திலும் இப்போது ஆடுவது யார், அவருக்கு அடுத்து யார், அடுத்தவர் தயாராக எத்தனை மாதம் என்று ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதினேன். கோல்கீப்பர் தேறுவாள். முன்களம் மெதுவாக வளரும். நடுக்களத்தில் ஓட ஆளிருக்கிறது, யோசிக்க ஆளில்லை. பெரிய ஓட்டை இடது பின்களம். அங்கே ஆடியது கேப்டன் சிவதர்ஷினி. முப்பத்தைந்து வயது, ஒரே முழங்காலில் இரண்டு ஆபரேஷன். அவள் திரும்பி ஓடுவதற்குள் எதிரணிக்காரி டீ குடித்துவிட்டே போகலாம். அவள் பெயருக்கு எதிரே, ‘தானாக இடத்தை விடமாட்டாள்’ என்று எழுதியிருந்தேன்.

அந்த இடத்துக்கு அடுத்த ஆள் வினுஷா. பத்தொன்பது வயது, உட்லண்ட்ஸ் பெண். பள்ளி ஆட்டம் ஒன்றில் பார்த்து நான்தான் கூட்டிவந்தேன். பதினெட்டு வருடத்தில் அப்படியொரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. அவளை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். எப்போதாவது நடுக்களத்தில் பத்து நிமிடம் கொடுப்பார்கள். முதல் டிவிஷன் கிளப் ஒன்று அவளைக் கூப்பிட்டது. அவள் என்னிடம் மறைக்கவில்லை.

“ஜூன் வரைக்கும் பாக்குறேன் அங்கிள். அப்பவும் பெஞ்ச்தான்னா போயிடுவேன். சாரி லா.”

அன்று மாலையே கோச் மேக்ஸ்வெலைத் தேக்காவில் டீக்கடையில் பிடித்தேன். நோட்டைத் திறந்து காட்டினேன். அவன் பரோட்டாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அக்கா கேப்டன் லா, அங்கிள். அவங்கள எப்படி உட்கார வைக்கிறது? டீமே உடைஞ்சிடும்.”

“வினுஷா போயிட்டா?”

“வேற ஆள் வரும்.”

வேறு ஆள் மரத்திலா காய்க்கிறது? நோட்டை மூடினேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பெனால்டி கார்னர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் புரியாது. எதிரணி நம் கோலை நோக்கி ஓங்கி அடிக்கும். நம் பக்கம் கோல்கீப்பரும் இன்னும் நான்கு பேரும் மட்டும் கோல்கோட்டில் நின்று தடுக்கவேண்டும். நால்வரில் ஒருத்தி அடிப்பவளை நோக்கி நேராக ஓடுவாள். அதை முதல் ஓட்டம் என்போம். பந்து மூஞ்சிக்கு வரும் என்பதால் முகமூடி. எங்கள் அணியில் முதல் ஓட்டம் சிவதர்ஷினியுடையது. அவளுடைய முகமூடியின் விளிம்பில் மஞ்சள் டேப் இருக்கும், வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். முதல் ஓட்டத்தை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுப்பவள் தன் முகமூடியைத் தன் கையாலேயே அவளுக்கு மாட்டிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனே நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் கன்னப் பக்க விளிம்பில் விரிசல் விட்ட முகமூடி ஒன்று ஸ்டோரில் கிடந்தது. வெள்ளிக்கிழமை அதைக் கழுவித் துடைத்தேன். விரிசல் மேலேயே மஞ்சள் டேப்பை ஒட்டினேன். பார்த்தால் தெரியாது. அதைப் பையில் வைத்துவிட்டு, அவளுடைய நல்ல முகமூடியைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டில் வைத்தேன். அதைத்தான் நேற்று நீங்கள் எடுத்தீர்கள். ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்டீர்கள். அது கிளப் சாமான், சார்.

சிவதர்ஷினிமேல் எனக்குக் கோபம் கிடையாது. கன்ன எலும்பு லேசாக விரிசல் விட்டால் இரண்டு மாத ஓய்வு. அவ்வளவுதான் என் கணக்கு.

சனிக்கிழமை ஆட்டத்தில் முதல் இரண்டு கார்னரிலும் அவள்தான் ஓடினாள். பந்து தரையோடு போனது. கடைசிப் பத்து நிமிடத்துக்கு வினுஷா உள்ளே வந்தாள். உடனே மூன்றாவது கார்னர். சிவதர்ஷினி முகமூடியை எடுத்தாள், நின்றாள், திரும்பி வினுஷாவைக் கூப்பிட்டாள்.

“இனிமே நீ ஓடுடி. என் முட்டியால முடியல.”

தன் கையாலேயே மாட்டிவிட்டாள். வினுஷா பெஞ்சுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாள். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் காட்டினேன்.

முகமூடி மாட்டிக்கொள்ள நாற்பது வினாடி கொடுப்பார்கள். அதில் முப்பது வினாடியாவது மிச்சமிருந்தது. பக்கத்தில் மேக்ஸ்வெல் இருந்தான். ‘நிறுத்து’ என்று ஒரு சத்தம் போட்டால் போதும். போட்டால், ஏன் என்று கேட்பார்கள். டேப்பை உரிப்பார்கள். பதினெட்டு வருடம் ஒரே நிமிடத்தில் போய்விடும். நோட்டில் எல்லாக் கார்னரையும் குறித்திருக்கிறேன். ஒன்பதில் ஒன்றுதான் முகத்து உயரத்துக்கு எழும்பும். ஒன்பதில் எட்டு நம் பக்கம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஓடிய வேகம் இருக்கிறதே, சார், சிவதர்ஷினி பத்து வருடத்தில் ஒருநாள்கூட அப்படி ஓடியதில்லை. என் மதிப்பீடு சரி.

வந்தது அந்த ஒன்பதில் ஒன்று.

வினுஷாவுக்கு இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கண் கெட்ட பிறகு என்று ஒரு பழமொழி உண்டு, வேண்டாம், இப்போது சொன்னால் நன்றாயிருக்காது.

சிவதர்ஷினி ஆறு நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை. தன் முகமூடிதானே, தான்தானே மாட்டிவிட்டது என்று அழுகிறாள். நான் அவளுக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போனேன். ‘முகமூடியப் பாத்து வெச்சிருக்கணும்மா’ என்றும் சொன்னேன். நேற்றுக் காலை அவள் அணியிலிருந்து விலகிவிட்டதாக மேக்ஸ்வெலுக்குச் செய்தி அனுப்பினாள். ஆக, அந்த இடம் காலி. நான் எழுதியபடிதான் எல்லாம் நடந்தது, ஒன்றைத் தவிர. இடது பின்களத்துக்கு இப்போது இரண்டு பேர் தேடவேண்டும்.

இதெல்லாம் நான் செய்ததுதான். விரிசலை மறைத்தது, மாற்றி வைத்தது, அந்த முப்பது வினாடி வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள்.

ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது, சார். அந்தக் கிளப்பில் வினுஷாவின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.