கிழவர் சொன்னதும் நான் சொன்னதும்

டீ நன்னா இருக்கு. போலீஸ் ஸ்டேஷன்ல இப்படி இஞ்சி தட்டிப் போட்டு டீ குடுப்பான்னு நான் நினைக்கலை. எங்காத்துக்காரருக்கு இஞ்சி டீ ஆகாது. டில்லியில இத்தனை வருஷம் இருந்தும் காப்பி, காப்பின்னே உசிரை விடுவார்.

தமிழ் தெரிஞ்ச ஆபீசர்தான் வேணும்னு நான் பிடிவாதம் பிடிச்சதுல, உங்களை இந்த வெயில்ல எங்கேர்ந்தோ வரவழைச்சுட்டா. மன்னிச்சுக்கோங்கோ சிவஞானம் சார். ஹிந்தி எனக்கு நன்னாவே வரும். இதோ உட்கார்ந்திருக்கற இன்ஸ்பெக்டர்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாம். ஆனா நடந்தது தமிழ்லயும் கன்னடத்துலயும். நடந்த பாஷையில ஒருத்தராவது காது குடுத்துக் கேட்கட்டும்னு தோணித்து. நான் சொல்லச் சொல்ல நீங்க அவருக்கு ஹிந்தியில சொல்லுங்கோ. மாத்திச் சொன்னேள்னா நிறுத்திடுவேன், கோச்சுக்காதீங்கோ.

என் பேர் விசாலாக்ஷி. எனக்கு ஊர் ஓசூர். அங்கே ஆத்துக்குள்ள தமிழ், வாசப்படி தாண்டினா கன்னடம். எழுபத்தி நாலுல கல்யாணம் ஆகி டில்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். அவர் பேர் கல்யாணராமன், கும்பகோணத்துக்காரர், மத்திய சர்க்கார்ல செக்‌ஷன் ஆபீசர். குடி, சிகரெட்டு எதுவும் கிடையாது. ஒரு தடவைகூட கை ஓங்கினதில்லை. அதையும் எழுதிக்கோங்கோ, அப்பறம் வக்கீல் யாராவது வந்து அவரைக் கண்டதும் சொல்லக்கூடாது.

வந்த புதுசுல எனக்கு ஹிந்தி ஒரு அட்சரம் தெரியாது. யார் என்ன பேசினாலும் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். பால்காரன் ஏதோ சொல்வான், "என்னன்னா சொல்றான்?"னு கேட்பேன். பக்கத்துல சோப்ரா மாமி மூச்சு விடாம பேசுவா, "என்ன சொல்றா?"ன்னு கேட்பேன். அவர் ரெண்டு வார்த்தையில முடிச்சுடுவார். எதிராளி கால் மணி நேரம் பேசினாலும் எனக்கு வந்து சேர்றது ரெண்டே வார்த்தை. மிச்சமெல்லாம் எங்கே போச்சுன்னு எனக்கு ஆத்தாமையா இருக்கும். ஆனா கேட்டா, "அவ்வளவுதான்டி, ஒண்ணுமில்லை"ம்பார்.

சோப்ரா மாமி ஒரு நாள் வாசல்ல நின்னு என் கையைப் பிடிச்சுண்டு சிரிச்சுச் சிரிச்சு என்னமோ சொன்னா. கார்த்தால நான் அம்மில அரைக்கற சத்தத்துல அவாத்துல தூக்கம் கெடறதாம், அப்படீன்னு அவர் சொன்னார். சிரிச்சுண்டே இப்படிச் சொல்றாளேன்னு எனக்கு அவமானமாப் போச்சு. அன்னிலேர்ந்து நான் அம்மிக்கடியில சாக்கை மடிச்சுப் போட்டுண்டு அரைச்சேன். அந்த மாமியைப் பார்த்தா தலையைக் குனிஞ்சுண்டு உள்ளே போயிடுவேன்.

அப்பறம் கறிகாய் வண்டிக்காரன்கிட்டயும் பால் பூத் க்யூலயும் நின்னு நின்னு ஹிந்தி கத்துண்டேன். ஒரு நாள் சோப்ரா மாமியே வருத்தமா கேட்டா, "அன்னிக்குத் தையல் கிளாஸுக்கு என்கூட வான்னு கூப்பிட்டேனே, நீ ஏன் மூஞ்சியைத் திருப்பிண்டே?"ன்னு. சாயந்திரம் இவரைக் கேட்டேன். கூசாம சிரிச்சார். "தையல் கிளாஸுன்னா பஸ்ஸுல அலையணும், கண்டவன் இடிப்பான். உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்"னார். 'உன் நல்லதுக்குத்தான்'. இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு சார்.

இருங்கோ. நான் 'கோபம் வந்தது'ன்னு இன்னும் சொல்லலை. நீங்க 'குஸ்ஸா'ன்னு சொல்லிட்டேள். அலுத்துப் போச்சுன்னுதான் சொன்னேன். கோபம் எனக்கு எப்பவும் வந்ததில்லை. ஆங், அதான். அச்சா.

இப்ப முக்கியமான விஷயம். எழுபத்தி ஆறுல, ஹிந்தி தெரியாத நாள்லயே, குழந்தை இல்லையேன்னு கரோல் பாக் பக்கத்துல ஒரு லேடி டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போனார். சோதனையெல்லாம் பண்ணினா. கடைசி நாள் அவ ரொம்ப நேரம் பேசினா. என்னைப் பார்த்துப் பேசினா, அவரைப் பார்த்துப் பேசினா, காகிதத்துல படம்கூடப் போட்டுக் காமிச்சா. அவர் தலையை ஆட்டிண்டே இருந்தார். வெளியில வந்து, "என்னன்னா சொன்னா?"ன்னேன். "ஒண்ணுமில்லையாம். சத்து மாத்திரை சாப்பிடணுமாம். தானா ஆகுமாம்"னார்.

மாத்திரையை வருஷக்கணக்கா முழுங்கினேன். தானா ஒண்ணும் ஆகலை. கும்பகோணத்துல என் மாமியார் ராஜலக்ஷ்மி அம்மாள் ஊரையே நாக்கால வறுத்தெடுப்பா, ஆனா என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அது ஏன்னு புரியாமலே இருந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சமையல்கட்டுல யார்கிட்டயோ அவ சொல்லிண்டிருந்தது காதுல விழுந்தது. "நாட்டுப்பொண்ணைச் சொல்லி என்ன பிரயோஜனம், குறை என் பிள்ளைகிட்டன்னா இருக்கு" அப்படீன்னா.

அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிடுத்து. டாக்டர் சொன்னது அதுதான். அவருக்குக் குறை, எனக்கு மாத்திரை. வெட்கப்பட்டுண்டு மறைச்சுட்டார். மறைச்சதுகூடப் பெரிசில்லை சார். அவர் வாயால ஒரு தடவை சொல்லட்டும்னு இருந்தது. தினம் சாதம் போடும்போது நினைச்சுப்பேன், இன்னிக்குச் சொல்வார்னு. ஜாடையா கேட்டாலும் "ஒண்ணுமில்லை", நேரா கேட்டாலும் "ஒண்ணுமில்லை".

போன டிசம்பர்ல, ஏஷியாட் விளையாட்டு முடிஞ்ச கையோட, அவருக்கு ஒரு ஆசை வந்தது. ஆபீஸ்ல மாத்தலாகிப் போன ஒருத்தர்கிட்டேர்ந்து பழைய ஃபியட் வாங்கியிருந்தார். ஒவ்வொரு லீவுக்கும் அதே ஜி.டி. எக்ஸ்பிரஸ், அதே கும்பகோணம். இந்தத் தடவை கார்லயே போவோம், காடு, கடற்கரைன்னு டென்ட் போட்டுத் தங்கிண்டே போவோம்னார். மிலிட்டரிக்காரா ஏலம் விட்ட டென்ட் ஒண்ணு, மடக்கு நாற்காலி ரெண்டு, பம்ப் ஸ்டவ், காப்பிப் பொடி. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது. கடலை நான் பார்த்ததே இல்லை.

கிளம்பின பிறகுதான் தெரிஞ்சது, கார்லயும் அதே மனுஷர்தான்னு. "ஜல்தி ஜல்தி"ன்னு விரட்டிண்டே வந்தார். கோலாப்பூர்ல அம்பாள் கோவில் இருக்கு, ஒரு நிமிஷம் நிறுத்துங்கோன்னேன். "அடுத்த தடவை"ன்னார். கரும்பு ஜூஸுக்கு நிறுத்தலை, ஆத்துல கால் நனைக்க நிறுத்தலை. எங்கே நின்னாலும் அவர் இறங்கிப் போய் ஹிந்தியில வழி கேட்டுண்டு வருவார், நான் கண்ணாடி வழியா பார்த்துண்டு உட்கார்ந்திருப்பேன்.

பெல்காம் தாண்டினதும் அவர் ஹிந்தி நொண்ட ஆரம்பிச்சது. தாண்டேலி காட்டுல ஒரு ஃபாரஸ்ட் கார்டு வந்து டென்டைச் சுத்திச் சுத்தி நடந்து கன்னடத்துல என்னமோ சொன்னான். அவர் "க்யா பையா, க்யா?"ன்னார். அவனுக்குப் புரியலை. அப்பத்தான் சார், அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "என்னடி சொல்றான்?"னார்.

நான் எத்தனை வருஷம் அப்படிப் பார்த்திருப்பேன். அன்னிக்கு நான் ஒரு வார்த்தை விடலை. யானை வர்ற வழி, மூங்கில் புதர் பக்கம் போகாதீங்கோ, உப்பு வெளியில வெக்காதீங்கோ, அவன் பொண்ணுக்கு சிர்சியில கல்யாணம், எல்லாத்தையும் சொன்னேன். "போறுமே, யானை வரும்னு சொன்னாப் போறாதா"ன்னு சலிச்சுண்டார். முழுசா சொல்றதுன்னா என்னன்னு அவருக்குக் காட்டினேன். அவருக்கு உறைக்கவே இல்லை.

மலை இறங்கி, கும்டா தாண்டி ஒரு சின்ன கடற்கரை. தென்னந்தோப்பு, ஒரு பக்கம் கறுப்புப் பாறை. சாயந்திரம் டென்ட் போட்டோம். முதல் தடவையா கடலைப் பார்த்துண்டு நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். மனசு இளகியிருந்தது. அவரும் சாந்தமா இருந்தார். இப்ப கேட்டா சொல்லிடுவார்னு நம்பிக்கை வந்தது. "ஏன்னா, அன்னிக்கு அந்த டாக்டர் என்னதான் சொன்னா? எதுவா இருந்தாலும் நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்"னேன். அவர், "ஒண்ணுமில்லைன்னு எத்தனை தடவை சொல்றது? இவ்வளவு தூரம் வந்து இதான் பேச்சா?"ன்னு எழுந்து போயிட்டார்.

மறுநாள் கார்த்தால நான் ஸ்டவ்வைப் பத்த வெச்சு பால் வெச்சேன். அவர் துண்டைத் தோள்ல போட்டுண்டு குளிக்கக் கிளம்பினார். காவேரியில நீந்தினவர்னு அவருக்கு ஒரு பெருமை உண்டு. அப்ப வலையைத் தூக்கிண்டு ஒரு மீனவக் கிழவர் வந்தார். கண்ணு ரெண்டும் புரை விழுந்து வெளுத்திருந்தது. பாறையைக் காமிச்சுக் கன்னடத்துல சொன்னார். கடல் தண்ணி உள்வாங்கற நேரம் இது, பாறைக்கும் மணலுக்கும் நடுவுல அடியில உள்ளே இழுக்கும், எங்க ஆட்களே அங்கே கால் வெக்க மாட்டா, போன மழைக்குக்கூட ஒரு பையன் போயிட்டான், உன் புருஷன்கிட்ட சொல்லும்மான்னார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "கிழவன் என்ன சொல்றான்?"

நான் உடனே ஒண்ணும் பண்ணிடலை சார். கடைசியா ஒரு தடவை கேட்டேன். "அந்த டாக்டர் என்ன சொன்னா, அதை முதல்ல சொல்லுங்கோ."

"கார்த்தாலயே ஆரம்பிச்சுட்டியா? கேட்டதுக்கு பதில் சொல்லுடி."

"ஒண்ணுமில்லை. ஊர்க்காரா எல்லாரும் அந்தப் பாறைக்குப் பக்கத்துலதான் குளிப்பாளாம். அலை அங்கேதான் கம்மியாம்"னேன்.

அவர் போனார். கிழவர் "சொல்லிட்டியாம்மா?"ன்னு கேட்டார். சொல்லிட்டேன், முழங்கால் தண்ணிக்கு மேல போக மாட்டாராம்னேன். கிழவர் நிம்மதியா மணல்ல உட்கார்ந்து வலையைப் பிரிக்க ஆரம்பிச்சார். கொஞ்ச நேரத்துல இவர் தண்ணிக்குள்ளேர்ந்து கத்தினார். அதைக் கடைசியில சொல்றேன்.

அந்த ஊர் போலீஸ் நல்ல மனுஷா. கிழவர் சத்தியம் பண்ணிச் சொன்னார், நான் எச்சரிச்சேன், அந்தம்மாவும் சொன்னா, அவர்தான் கேட்கலைன்னு. விபத்துன்னு எழுதி முடிச்சுட்டா. மச்சினர் சுப்பு வந்து காரியமெல்லாம் பண்ணினார். நான் கோல் மார்க்கெட் திரும்பிட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, தூக்கமெல்லாம் நன்னாவே வந்தது.

குவார்ட்டர்ஸைக் காலி பண்றதுக்கு முன்னால அந்த டாக்டரைப் பார்த்துடணும்னு தோணித்து. போன வாரம் போனேன். இப்பத்தான் எனக்கு ஹிந்தி தெரியுமே, யாரும் நடுவுல வேண்டாம். அவளுக்கு என்னை ஞாபகம் இல்லை. அவர் பேரைச் சொன்னதும் எழுந்து நின்னுட்டா. வருஷா வருஷம் வருவாராம். கருக்குழாய் ரெண்டும் அடைச்சிருக்கறதுக்குப் புதுசா ஏதாவது வைத்தியம் வந்திருக்கான்னு கேட்டுட்டுப் போவாராம். என் குழாய் சார். குறை எனக்குத்தான். அன்னிக்கு அவ என்னைப் பார்த்து அதைத்தான் சொல்லியிருக்கா. ஊர்ல ரெண்டாம் கல்யாணம்னு பேச்செடுத்தபோது, கோளாறு தனக்குன்னு அம்மாகிட்ட சொல்லி வாயை அடைச்சுட்டதா இவகிட்ட சொல்லியிருக்கார். "என் மனைவிக்குத் தெரிய வேண்டாம், உடைஞ்சு போயிடுவா"ன்னு கேட்டுண்டாராம்.

இதைக் கேட்டு நீங்க என்னை அப்படிப் பார்க்காதீங்கோ. எனக்கும் ஆத்தாமைதான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? தையல் கிளாஸுக்கும் பொய், இதுக்கும் பொய், எது எனக்காக, எது தனக்காகன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? அவர் சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன். அதுலேர்ந்து நான் நகர மாட்டேன். அவர் என்ன பண்ணிக் காமிச்சாரோ அதைத்தான் நான் பண்ணினேன்.

இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சுருக்காம சொல்லுங்கோ, சொன்னது சொன்னபடியே எழுதணும்.

தண்ணி அவரை இழுத்துண்டு போறபோது நான் கரையோரம் வந்து நின்னேன். காப்பாத்த இறங்கப் போறேன்னு நினைச்சுட்டார் போலிருக்கு. கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். "விசாலம், வராதே, உள்ளே இழுக்கறது, கிழவனைக் கூப்பிடு, நீ இறங்காதே"ன்னு கத்தினார்.

கிழவருக்கு அவ்வளவு தூரம் கண் தெரியலை, தமிழும் தெரியாது. "உன் புருஷன் என்னம்மா சொல்றார்?"னு கேட்டார்.

தண்ணி நன்னா இருக்காம், என்னையும் வரச் சொல்றார்னேன். கிழவர் சிரிச்சார். "ஆசையா கூப்பிடறார், போயேம்மா"ன்னார். எனக்கு நீச்சல் தெரியாதுன்னு சொல்லிட்டு, பால் பொங்கிடப் போறதேன்னு ஸ்டவ்வாண்ட போயிட்டேன்.