ஓரத்து இழை

இந்த மேசை லேசாக ஆடுகிறது, ஐயா. ஒரு காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் வைத்தால் நின்றுவிடும். சின்ன அசைவும் என் கண்ணில் படும். என் வேலை அப்படி.

நடைபாலத்துக்கான உத்திரங்களைப் பசையால் ஒட்டுகிறவன் என் தம்பி. அந்த ஒட்டுக்குள் தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழைகளைப் புதைத்து, அவற்றில் ஒளியை அனுப்பி, உள்ளே எவ்வளவு இழுபடுகிறது என்று அளக்கிறவன் நான். பதினோரு வருடமாக அளக்கிறேன். "ஒட்டு நல்லாத்தான் இருக்கும், அண்ணனோட நூலுதான் இடைஞ்சல்" என்று தம்பி எல்லார் முன்னாலும் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வயிறு எரியும். போன மாதம் மேலாளர் அவன் பேச்சைக் கேட்டு, இந்த ஒரு உத்திரத்தோடு இழை வைப்பதை நிறுத்திவிடலாம் என்றுவிட்டார்.

சோதனைக்காக அந்த உத்திரத்தின்மேல் இரும்புக் கட்டிகளை ஏற்றி மூன்று நாள் விட்டிருந்தோம். வியாழக்கிழமை காலை ஓரத்து இழையின் எண் பாதியாக இறங்கியிருந்தது. அடுத்த இழையில் ஏறியிருந்தது. எடை மாறாமல் ஓரத்தில் எண் இறங்கினால், அங்கே பசை பிடியை விட்டுவிட்டது என்று பொருள். அதன் பாரத்தையும் பக்கத்து இடம் சுமக்கிறது. பத்து மணிக்கு மூன்றாவது இழையும் ஏறத் தொடங்கியது. ஒட்டு மதியத்தைத் தாண்டாது என்று நோட்டில் எழுதினேன்.

பதினொன்றரைக்குத் தம்பி டார்ச்சை எடுத்துக்கொண்டு, ஒட்டை அடியிலிருந்து பார்க்கக் கிளம்பினான்.

"ஓரத்துல என்னண்ணா காட்டுது?"

"நேத்தைவிடக் கம்மியாத்தான் காட்டுது."

"பாத்தியா, நான்தான் சொன்னேனே" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எண் குறைந்தால் பாரம் குறைந்தது என்று நினைத்தது அவன் தவறு. கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன்.

அடியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். நான் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான்காவது இழை ஏறியது. ஒரு குரல் கொடுத்திருந்தால் இரண்டே எட்டில் வெளியே வந்திருப்பான். கொடுக்கவில்லை. பதினொன்று நாற்பத்தொன்றுக்கு எல்லா எண்களும் ஒன்றாக நின்றன.

உத்திரம் விழுந்து தம்பி செத்ததை விபத்து என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மிஷின் ஒண்ணுமே சொல்லலையா, மாமா?" என்று அழுதாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

சொன்னது, ஐயா. காலையிலிருந்தே சரியாகச் சொன்னது. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், இழையில் பழுது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.