கடிலாக்கில் ஏறியிருந்தவர்கள்

சுவர்ணா: …இல்லை, இது இல்லை. சின்னனிலை யனுஷன் பிடிச்சுக்கொண்டு நிண்டது சிவப்புக் கார்.

கோபாலன்: இதுதான். ரோஸ் நிறக் கடிலாக். பின்னுக்கு மீன் வால் மாதிரி… அதைத்தான் தடவித் தடவி நிண்டவன்.

சுவர்ணா: உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் அண்டைக்கு நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, அந்த வாங்கிலை நல்ல நித்திரை.

கோபாலன்: நித்திரை இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தனான்.

சுவர்ணா: குறட்டை கேட்டது.

கோபாலன்: கார் எஞ்சினாயிருக்கும்.

சுவர்ணா: மியூசியத்துக்குள்ளை எந்தக் கார் ஓடுது?

கோபாலன்: ம்… சிரிக்கிறீர். டிவோர்ஸுக்குக் கோட்டிலை கையெழுத்து வைச்சிட்டுப் போனாப் பிறகு, இண்டைக்குத்தான் உம்மட சிரிப்பைக் காணுறன்.

சுவர்ணா: சிரிக்கேல்லை. இந்த இடம் குளிருது.

கோபாலன்: அப்ப ஏன் இஞ்சை வரச் சொன்னனீர்? ஒரு கஃபேயிலை இருந்திருக்கலாம்.

சுவர்ணா: கஃபேயிலை ஆரேன் காணுவினம். கோயில் எண்டால் இன்னும் மோசம். “டிவோர்ஸ் எடுத்ததுகள் திரும்பச் சேந்திட்டுதுகளோ” எண்டு கதைப்பினம். அமெரிக்கக் கார் பாக்க எங்கட சனம் வராது.

கோபாலன்: எங்கட மகன் வந்தவன்.

சுவர்ணா: ஓம்… அவன் வந்தவன்.

கோபாலன்: இதிலை ஏறி இருக்கலாமாம். போர்டிலை போட்டுக் கிடக்கு. வாருமன்.

சுவர்ணா: இந்த வயசிலையோ? அங்கை நிக்கிற காவல்காரர் பாக்கிறார்.

கோபாலன்: பாக்கட்டும். டிக்கெட் எடுத்துத்தானே வந்தனாங்கள். அந்தப் பக்கத்தாலை ஏறும். இதுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம்.

சுவர்ணா: மெதுவா… ஐயோ, என்ன அகலம் இந்தச் சீற். என்ர ஃபிளாட்டிலை கிடக்கிற சோபா இதிலை பாதி வராது.

கோபாலன்: நடுவிலை ஒரு ஆள் தாராளமா இருக்கலாம். பொறும், ஒரு படம் எடுப்பம்… ம். வடிவா வந்திருக்கு.

சுவர்ணா: எனக்குக் காட்ட வேண்டாம். …யனுஷன் உங்களோடை கதைக்கிறவனோ?

கோபாலன்: ஏன் கதைக்காமல்? ஞாயிறிலை போன் எடுப்பான்.

சுவர்ணா: ஓ…

கோபாலன்: உம்மோடை?

சுவர்ணா: என்னோடையும் ஞாயிறிலைதான்.

கோபாலன்: எனக்குக் காலமை எடுப்பான்.

சுவர்ணா: எனக்குப் பின்னேரம்.

கோபாலன்: சரிதானே. அங்கை அமெரிக்காவிலை, டெட்ரொய்டிலை நேரம் வேறை. எழும்பின உடனை எனக்கு, பிறகு உமக்கு.

சுவர்ணா: அங்கை காலமை எண்டால் இஞ்சை மத்தியானமெல்லோ?

கோபாலன்: …அப்பிடித்தான். நான் ஞாயிறிலை பிந்தித்தான் எழும்புறது. எனக்கு அது காலமை.

சுவர்ணா: எப்பிடி இருக்கிறானாம்? எனக்கு எல்லாம் சொல்லுவான்… எண்டாலும் உங்களுக்கு என்ன சொன்னவன்?

கோபாலன்: நல்லா இருக்கிறான். அந்தக் கார்க் கொம்பனியிலைதான் வேலை. கொஞ்சம் மெலிஞ்சிட்டான்.

சுவர்ணா: மெலிஞ்சவனோ… தாடி வைச்சதாலை அப்பிடித் தெரியும்.

கோபாலன்: தாடியோ? ஓம், ஓம்… போன கிழமை எடுத்துப் போட்டான்.

சுவர்ணா: எடுத்திட்டானோ… எனக்குச் சொல்லேல்லை.

கோபாலன்: மறந்திருப்பான். இப்ப தானே சமைக்கிறான் தெரியுமோ? கணவாய்க் கறி எப்பிடி வைக்கிறதெண்டு என்னட்டைக் கேட்டவன்.

சுவர்ணா: கணவாய் அவனுக்கு ஒத்துவராதே. சின்னனிலை உடம்பெல்லாம் தடிச்சுப் போகும்.

கோபாலன்: இப்ப ஒண்டும் செய்யுறேல்லையாம்.

சுவர்ணா: சமைக்கிறதெண்டால் என்னட்டைத்தான் கேக்க வேணும். உங்களட்டைக் கேட்டிருக்கிறான்…

கோபாலன்: அதுக்கு ஏன் முகத்தை அங்காலை திருப்பிறீர்?

சுவர்ணா: முகத்துக்கு ஒண்டுமில்லை. கண்ணாடியைப் பாக்கிறன். எவ்வளவு பெரிய கண்ணாடி.

கோபாலன்: போகேக்கை எங்கள் ரெண்டு பேரிலையும் கோவமாத்தானே போனவன். “உங்கட சண்டைக்குள்ளை என்னை இழுக்காதேங்கோ” எண்டுட்டு… இப்ப ஆறியிட்டுது போலை.

சுவர்ணா: உங்களிலை ஆறியிட்டுது.

கோபாலன்: உம்மிலையும்தானே. ஞாயிறிலை எடுக்கிறான் எண்டீர்.

சுவர்ணா: ஓம்… எடுக்கிறான். இஞ்சாருங்கோ, எனக்கு அவன்ர நம்பர் வேணும்.

கோபாலன்: என்ன நம்பர்?

சுவர்ணா: போன் நம்பர்.

கோபாலன்: உம்மட்டை இல்லையோ?

சுவர்ணா: போன் மாத்தினனான். இருந்ததெல்லாம் அழிஞ்சு போச்சு.

கோபாலன்: அவன் எடுக்கேக்கை நம்பர் விழும்தானே.

சுவர்ணா: …விழுறேல்லை. மறைச்சுத்தான் வரும்.

கோபாலன்: ம்.

சுவர்ணா: உங்கட போனைப் பாத்துச் சொல்லுங்கோவன்.

கோபாலன்: என்ர போன்… சார்ஜ் இல்லை.

சுவர்ணா: இப்பதானே அதிலை படம் எடுத்தனீங்கள்.

கோபாலன்: அதோடை முடிஞ்சிருக்கும். என்னத்துக்கு இப்ப இவ்வளவு அவசரம்?

சுவர்ணா: வெள்ளிக்கிழமை எனக்கு ஒப்பரேஷன்.

கோபாலன்: என்ன?

சுவர்ணா: நெஞ்சிலை. ஒரு வால்வ் மாத்த வேணுமாம்.

கோபாலன்: சுவர்ணா… இதை ஏன் போனிலை சொல்லேல்லை?

சுவர்ணா: சொல்லி? நீங்கள் பதகளிச்சுக்கொண்டு நிப்பியள். இப்ப அது பெரிய விசயமில்லை, கன பேருக்குச் செய்யினம். நேர்ஸ் கேட்டவ, ஏதும் எண்டால் ஆருக்கு அறிவிக்கிறதெண்டு. மகன் இருக்கிறான் எண்டன். நம்பரைச் சொல்லுங்கோ எண்டா… பாத்றூமுக்குப் போட்டு வாறன் எண்டு எழும்பியிட்டன்.

கோபாலன்: என்ர பேரைக் குடும்.

சுவர்ணா: நீங்கள் எனக்கு ஆர்?

கோபாலன்: …அதுவும் சரிதான்.

சுவர்ணா: கோவத்திலை சொல்லேல்லை. நேர்ஸ் அப்பிடிக் கேட்டால் என்ன சொல்லுறது?

கோபாலன்: யனுஷன்ர அப்பா எண்டு சொல்லும். அண்டைக்கு ஆர் உம்மைக் கூட்டிக்கொண்டு போறது?

சுவர்ணா: ஊபர் பிடிச்சால் வீட்டு வாசலுக்கு வரும்.

கோபாலன்: நான் வாறன்.

சுவர்ணா: லண்டனிலை அந்தப் பக்கம் ஹவுன்ஸ்லோவிலையிருந்து இந்தப் பக்கம் குரோய்டனுக்கோ? விடியவெல்லோ போக வேணும்.

கோபாலன்: முதல் நாளே வந்து, கீழை பஸ் ஸ்டாண்டிலை எண்டாலும் இருப்பன்.

சுவர்ணா: விசர்க்கதை கதையாதேங்கோ… உங்களுக்கும் முழங்கால் ஏலாது. அதைப் பிறகு பாப்பம். நம்பரைத் தாங்கோ. நான் அவனைக் கரைச்சல்படுத்த மாட்டன். ஒப்பரேஷன் எண்டும் சொல்ல மாட்டன். “ஹலோ” எண்டுவான் தானே… அதைக் கேட்டிட்டு வைச்சிடுவன்.

கோபாலன்: குரலைக் கேக்கவோ? ஞாயிறு ஞாயிறு கேக்கிற குரல்தானே, சுவர்ணா.

சுவர்ணா: அவன் எனக்கு எடுக்கிறேல்லை. ஹீத்ரோ எயாப்போட்டிலை உள்ளுக்குப் போனதோடை சரி, ஒருக்காலும் எடுக்கேல்லை. பழைய நம்பருக்கு அடிச்சுப் பாத்தன், அது இப்ப பாவனையிலை இல்லையாம். தாடி கீடி எல்லாம் நான் சும்மா சொன்னது… உங்களுக்கு முன்னாலை குறைஞ்சு போகக் கூடாதெண்டு. எனக்குப் பொறாமைதான், இல்லையெண்டு சொல்லேல்லை. எண்டாலும் இப்ப ஒரு நிம்மதி. உங்களோடையாவது கதைக்கிறான். கறி வைக்கிறதெப்பிடி எண்டு கேக்கிறான். அவன் தனிய இல்லை. அது காணும் எனக்கு… அந்த ஸ்டியரிங்கை விட்டுட்டு இஞ்சாலை பாருங்கோ. நம்பரைச் சொல்லுங்கோ.

கோபாலன்: நீர் போன் எடுத்து “வாங்கோ” எண்ட உடனை, ஏன் எண்டும் கேக்காமல் ஓடி வந்தனான் எல்லோ… அவன்ர நம்பர் உம்மட்டை இருக்கும், எப்பிடியும் கெஞ்சிக் கேட்டு வாங்குவம் எண்டுதான், சுவர்ணா.